பச்சைக் கட்டம்

சலவைப் பிரிவு மேஸ்திரிக்குச் சிவப்பு நிறம் என்றாலே ஆகாது. பிறவியிலேயே அப்படி இல்லை. புதிதாக வந்த திட்ட அதிகாரி சுவரில் அந்தப் போர்டை மாட்டிய பிறகுதான்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் முழுக்கச் சலவைப் பிரிவு. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்டு மேலே அனுப்ப வேண்டும். விரிப்பை உள்ளே கொடுக்கும் இடத்தில் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தவறி உள்ளே போனால் கம்பியில் இடிக்கும், இடித்ததும் உருளை நின்றுவிடும். மூன்று வாரமாக எத்தனை இடித்தாலும் உருளை நிற்கவில்லை. கம்பிக்குப் பின்னால் இருக்கிற தீப்பெட்டி அளவு சுவிட்ச் செத்துப்போயிருந்தது. சுவிட்ச் மட்டும் கையில் இருந்தால் எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை.

அந்த உருளையில் விரிப்பு கொடுப்பவள் மேஸ்திரியின் மனைவிக்குத் தங்கை. வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். "உங்களை நம்பித்தான் அனுப்புறேன்" என்று மனைவி சொன்னது அவருக்கு இப்போதெல்லாம் சோற்றில் கை வைக்கும்போதுகூட நினைவுக்கு வந்தது.

திட்ட அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. குரலை உயர்த்த மாட்டார், எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு அட்டவணை என்று பெயர். குழாய் ஒழுகினாலும் அதற்குக் குறுகிய கால உத்தி, நீண்ட கால உத்தி என்று இரண்டு பத்தி எழுதியாக வேண்டும். வாளி வைப்பது குறுகிய கால உத்தி. நீண்ட காலம் இதுவரை வந்து சேரவில்லை.

போர்டில் ஒவ்வொரு குறைக்கும் ஒரு கட்டம். திட்டம் என்ன, எந்தத் தேதிக்குள் என்று எழுதும்வரை அது சிவப்பு. திட்டம் எழுதாத குறைக்கு ஸ்டோரில் சாமான் வாங்கும் சீட்டில் கையெழுத்தும் விழாது. திங்கள்தோறும் மீட்டிங்கில் மேஸ்திரியின் சிவப்பைக் காட்டி, "நம்ம எல்லாரையும் இது பின்னால இழுக்குது" என்பார் அட்டவணை. பதினைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாவது திங்கள் மானம் போனது போதும் என்று, "தடுப்புக் கம்பியைப் படிப்படியாகச் சீரமைத்தல், மாதக் கடைசி" என்று வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுத்தார். கட்டம் பச்சையானது. கை தட்டினார்கள். வெட்கங்கெட்டு அவருக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சந்தோஷம் ஸ்டோர் வரைக்கும்தான் நீடித்தது.

"சிவப்புல இருக்கிறதுக்குத்தான் சாமான் தருவோம் மேஸ்திரி. உங்களதுதான் பச்சை ஆயிடுச்சே" என்றார் ஸ்டோர்க்காரர்.

"அது பிளான் எழுதினதுக்குப் பச்சைங்க. சுவிட்ச் இன்னும் செத்துத்தான் கிடக்கு."

"எனக்குப் போர்டு என்ன சொல்லுதோ அதுதான்."

மேஸ்திரி அட்டவணையிடம் ஓடினார். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"பச்சையைச் சிவப்பாக்குறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. இந்த மாசம் நாம தொண்ணூத்தி நாலு சதவீதம் பச்சைன்னு மேல அனுப்பியாச்சு. வியாழக்கிழமை மறுஆய்வு மீட்டிங் இருக்கு, அதுல வைங்க."

"சார், ஒரு பொண்ணோட கை போயிடும் சார்."

"நல்ல பாயிண்ட். அதையும் குறிச்சுக்கிறேன்" என்று நிஜமாகவே குறித்துக்கொண்டார்.

அன்று மேஸ்திரி யாரையும் கேட்காமல் உருளையை நிறுத்தினார். ஒன்றரை மணி நேரத்தில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து விரிப்பு கேட்டு மூன்று போன். அட்டவணையே இறங்கி வந்தார். "நிறுத்துறதுக்கு ஏதாவது பிளான் வச்சிருக்கீங்களா? பிளான் இல்லாம நிறுத்தினா, மேல நோயாளிக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

மைத்துனிதான் நடுவில் வந்தாள். "விடுங்க அத்தான். நான் பார்த்துப் போடுறேன். இன்னும் ரெண்டு மாசத்துல வேலை நிரந்தரமாயிடும். இப்பப் போய் எதுக்கு வம்பு?" அவளே பட்டனை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு மேஸ்திரி மெயின் சுவிட்சை விட்டு நகரவில்லை. அதற்குப் பூட்டுப் போட வழியில்லை, துவைக்கிற மெஷின்களும் அதில்தான் ஓடின. ஆகவே ஒரு கையைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் விரல்களையே பார்த்தபடி நின்றார். திங்கள், செவ்வாய், புதன். ஒன்றுக்குப் போவதென்றால்கூட அவளையும் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வரச் சொல்வார். "மைத்துனிக்குக் காவல் பலம்தான்" என்று மற்றப் பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நாலாவது மாடியில் மீட்டிங். போனால்தான் கட்டம் சிவப்பாகும். போனால் சுவிட்சில் கை வைக்க ஆள் இல்லை.

"நான் வர்ற வரைக்கும் அதைத் தொடாதே."

"சரி அத்தான். நீங்க போய் வேலையை முடிச்சுட்டு வாங்க."

மீட்டிங் அறை வாசலில் ஒரு கூடை. செல்போன்களை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கவனம் சிதறக் கூடாதாம். மேஸ்திரியின் விஷயம் நாலாவது. முதல் விஷயம், போர்டின் பச்சை வெளிர்பச்சையாக இருக்கலாமா என்பது. அதற்கே நாற்பது நிமிடம் போனது. மேஸ்திரி இரண்டு முறை எழுந்து, "சார், என்னுடையதை முதல்ல எடுத்துக்கிட்டீங்கன்னா" என்று கெஞ்சினார். "வரிசைப்படியே போவோமே" என்றார் அட்டவணை, அதே சிரிப்போடு. அவர் கழுத்தைப் பிடித்துவிடலாமா என்றுகூட மேஸ்திரிக்குத் தோன்றியது. பிடிக்கவில்லை, உட்கார்ந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு அவர் முறை வந்தது. நாலு நிமிடத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கட்டம் சிவப்பானது. சீட்டில் கையெழுத்து விழுந்ததும் ஸ்டோர்க்காரர், "அந்த சுவிட்ச் நம்ம அலமாரியிலயே ரெண்டு இருக்கு, வாங்க" என்றார்.

அவரைத் திட்டக்கூட மேஸ்திரிக்கு நேரமில்லை. சுவிட்சை வாங்கிக்கொண்டு படிகளில் விழுந்தடித்து இறங்கினார்.

கீழ்த்தளத்தில் ஒரு மெஷினும் ஓடவில்லை. பெண்கள் கூட்டமாக நின்றார்கள், அவரைப் பார்த்ததும் விலகினார்கள். பதினொன்றே முக்காலுக்குத் தியேட்டரிலிருந்து ஆள் வந்து நின்றாராம். ரெண்டே ரெண்டு விரிப்பு, அவசரம் என்றாராம். போன் பண்ணிப் பார்த்தார்களாம், இவர் எடுக்கவில்லையாம். யாரோ விக்கி விக்கிச் சொன்னார்கள்.

மைத்துனி துணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையை முழங்கை வரைக்கும் விரிப்பால் சுற்றியிருந்தார்கள். அந்தச் சுற்றலுக்குள் ஒரு கை இருக்கிற கனம் தெரியவில்லை. ஸ்ட்ரெச்சர் வருகிற சத்தம் நடைவழியில் கேட்டது.

அவள் அவரை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"அக்காகிட்ட நீங்க சொல்லாதீங்க அத்தான்" என்றாள். உதடு வெளுத்திருந்தது. "நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா அவ உங்களத்தான் கேப்பா."

மேஸ்திரி ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதார்.