பெரிய ரிக்கார்டில் இருந்த பன்னிரண்டு பேர்

செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு பக்கம் மைக்செட் கடை வைத்திருந்த செங்கல்வராயனுக்கு ஒரு கர்வம் உண்டு. 'கரையேறிய சங்கு' படத்துப் பாட்டு நாலையும் தன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்பான். படம் அறுபத்து நாலில் வந்து பதினோரு நாளில் சுருண்டுகொண்டது. பாட்டுகள் பிழைத்துக்கொண்டன. கல்யாணமோ காதுகுத்தோ, அந்தச் சின்ன ரிக்கார்டு சுழலாமல் அவன் குழாய் ஸ்பீக்கரைக் கழற்றியதில்லை. ஒன்று தேய்ந்தால் இன்னொன்று வாங்குவான். இப்போது ஓடுவது நாலாவது.

எழுபத்து ஏழு ஆனி மாதத்தில் அதே படத்துக்கு எல்பி என்கிற பெரிய ரிக்கார்டு வந்தது. ரிக்கார்டு கம்பெனிக்காரர்கள் பழைய டேப்புகளைத் தேடியெடுத்து, அப்போது வெட்டிப் போட்டதையெல்லாம் சேர்த்து, பின்னணி இசையோடு முழுசாகப் போட்டிருந்தார்கள். மவுண்ட் ரோட்டுக் கடையில் அட்டையைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்குத் தெரியாமல் இதில் என்னடா சேர்த்திருக்கப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே வாங்கி வந்தான்.

மறுநாள் புக்கிங் எதுவும் இல்லை. கடையில் இரண்டு பிளேயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் சின்னதையும் ஒன்றில் பெரியதையும் போட்டு, மாற்றி மாற்றி ஓடவிட்டான். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த வசுமதி, புருஷன் இரண்டு பெட்டிக்கு நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாய்யா, ரெண்டும் ஒரே பாட்டுதானே?"

"அதத்தான் பாத்துகினு கீறேன்."

முதல் பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவதில் ஒரு சரணம் கூடியிருந்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஓடுகிற மாட்டை நிறுத்தித் தண்ணி காட்டின மாதிரி பாட்டு நடுவில் நின்று நின்று போனது. "வெட்டுனவன் புத்திசாலி" என்றான். மூன்றாவதில் சின்ன ரிக்கார்டு சட்டென்று முடிகிற இடத்தில், பெரியதில் ஒற்றைப் புல்லாங்குழல் எழுந்து நெடுநேரம் தனியாகப் போயிற்று. வசுமதி தூக்கைத் திறக்க மறந்தாள்.

நாலாவதுதான் படகைக் கடலில் தள்ளுகிற பாட்டு. சின்ன ரிக்கார்டில் அது தடதடவென்று மேளத்தோடு தொடங்கும். பெரியதில் முள் இறங்கியதும் மேளம் இல்லை. எதுவுமே இல்லை. பிறகு எங்கோ தூரத்தில் பெண்கள் முனகுவது போல ஒரு சத்தம். வார்த்தை கிடையாது, வாத்தியம் கிடையாது, வெறும் ம்ம் என்ற ஒலி. அது மெள்ள மெள்ள ஏறி, இரண்டாகப் பிரிந்து, ஒரு குரல் மட்டும் தனியே மேலே போனது. மற்றவை கீழே அகலமாகப் பரவின. செங்கல்வராயனுக்குக் கை மயிர் குத்திட்டது. ஒன்றரை நிமிஷம். அப்புறம்தான் மேளம் வந்தது.

அவன் முள்ளை எடுத்து மறுபடி வைத்தான். பிறகு சின்னதில் அதே பாட்டைப் போட்டான்.

"நிறுத்து" என்றாள் வசுமதி. "மேளத்துக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுச்சே."

"அது தூசி. எல்லா ரிக்கார்டுலயும் அந்த எடத்துல ஒரு கரகரப்பு கீது. நானும் துடச்சித் துடச்சிப் பாத்துட்டேன்."

"தூசி இல்லய்யா. நல்லாக் கேளு."

காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக் கேட்டான். அரை விநாடிகூட இருக்காது. அந்தப் பெண்களின் குரல் முடிகிற நுனி. வெட்டியவன் கத்தரிக்கு அது மட்டும் தப்பியிருந்தது. பதின்மூன்று வருஷமாகத் தான் துணி போட்டுத் துடைத்தது மனுஷக் குரலை. எல்பி அட்டையைத் திருப்பி எழுத்தெழுத்தாகப் படித்தான். பாடியவர், வாசித்தவர் பேரெல்லாம் இருந்தன. இந்தப் பெண்களுக்கு 'குழுவினர்' என்று ஒரே சொல்தான்.

அடுத்த ஒரு வாரம் அந்த ஒன்றரை நிமிஷத்தை எத்தனை தரம் கேட்டான் என்று சொல்ல முடியாது. மேலே போகும் குரல் பிடிபட்டது. கீழே ஒரு தடித்த குரல் நடந்தது; அது எந்த இடத்தில் நுழைகிறது, எங்கே விலகுகிறது என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவே இல்லை.

ஆடியில் கோவளம் மாதா கோயில் திருவிழா. வருஷா வருஷம் அவன் செட்டுதான். கொடியேற்றத்துக்கு முன்னால், காலை பத்து மணிக்குக் குழாய்களைத் தென்னையில் கட்டி முடித்தான். கோயில் சாமியார் வர நேரமிருந்தது. சோதனைக்கு என்று சொல்லிக்கொண்டு எல்பியை வைத்து நாலாவது பாட்டில் முள்ளை இறக்கினான். நாலு குழாயிலும் அந்த முனகல் கிளம்பிக் கடல்வரை போயிற்று.

பந்தலுக்குப் பின்னால் பெண்கள் சமையலுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். அங்கே பேச்சு நின்றது. அப்புறம் ஒரு குரல் எழுந்தது. குழாயிலிருந்து இல்லை, பந்தலிலிருந்து. செங்கல்வராயன் திரும்பினான். ஐம்பது வயது மார்கரெட், மீன் ஏலம் எடுக்கிறவள், கையில் அரிவாள்மனைக் கட்டையைப் பிடித்தபடி பாடிக்கொண்டிருந்தாள். அவன் வாரமெல்லாம் தேடின அதே தடித்த கீழ்க்குரல். ரிக்கார்டில் அந்தக் குரல் வர இன்னும் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அவள் முன்னாடியே நுழைந்து, அது வந்ததும் அதோடு சேர்ந்து நடந்து, அது விலகின இடத்தில் சரியாக விலகினாள். ஊரில் யாரும் கேட்டிராத ரிக்கார்டு அது.

மேளம் தொடங்கியதும் அவன் முள்ளைத் தூக்கிவிட்டான். ஓடிப் போய் அவள் எதிரில் நின்றான்.

"அக்கா... இது உனக்கு எப்டித் தெரியும்?"

மார்கரெட் கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "நாங்க பாடுனதுப்பா. பன்னண்டு பேரு. கோயில் பாட்டுக் கும்பலு. இங்க படம் புடிச்சிகினு இருந்தவங்க பூசையில கேட்டுட்டு, வேன் வெச்சி கோடம்பாக்கம் இட்டுகினு போனாங்க. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் பாட வெச்சாங்க."

"ஒரு தரம்கூடச் சொல்லலியே! வருசா வருசம் வந்துகினு கீறேன்!"

"இன்னான்னு சொல்றது? ஊரே திரண்டு செங்கல்பட்டு போயி படம் பாத்துச்சி. எங்க குரலு வர்ற சீனே இல்ல. நீளம்னு வெட்டிட்டாங்களாம். சரி, ரிக்கார்டுல வரும்னு பாத்தோம். அதுலயும் இல்ல. பொய் சொல்லிட்டு பட்டணம் சுத்திட்டு வந்தாளுங்கன்னு பேசுனாங்க. அத்தோட வாய மூடிகினோம். நீ அந்தப் பாட்டப் போடும்போதெல்லாம் நான் கடலாண்ட போய்டுவேன்."

அவளுக்குப் பின்னால் ஒருத்தி எழுந்து வந்தாள். பதினாறு வயதுதான் இருக்கும், பேர் மேரி.

"அத்த, அந்த மேல போற குரலு யாரு?"

மார்கரெட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியலியாடி? உங்கம்மாதான். ஞானம்மா. வேற யாரால அவ்ளோ ஒசரம் போவ முடியும்?"

ஞானம்மாள் அந்தப் படம் வந்த மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள் என்று பிறகுதான் அவனுக்குச் சொன்னார்கள். மேரிக்கு அம்மாவின் முகமே பாதிதான் ஞாபகம். குரல் சுத்தமாக இல்லை.

மேரி அழவில்லை. "இன்னொரு தரம் போடுங்கண்ணா" என்றாள்.

போட்டான். செய்தி எப்படிப் போயிற்றோ, கரையிலிருந்து, மார்க்கெட்டிலிருந்து, பள்ளிவாசல் தெருவிலிருந்து எல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரில் ஊரில் இருந்த மற்ற ஆறு பேர் ஒவ்வொருத்தியாக வந்து மார்கரெட் பக்கத்தில் நின்றார்கள். மூன்றாவது தரம் போட்டபோது ஏழு பேரும் ரிக்கார்டோடு சேர்ந்து பாடினார்கள். மேல் குரலுக்கு மட்டும் ஆளில்லை. அது குழாயிலிருந்து தனியாக எழுந்து தென்னைக்கு மேலே போயிற்று. வலையோடு வந்த கிழவர் ஒருவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எப்போது வந்தாரோ, சாமியாரும் கூட்டத்தோடு நின்றிருந்தார். கொடியேற்ற நேரம் தாண்டியதை அவரும் சொல்லவில்லை, மற்றவர்களும் சொல்லவில்லை.

முடிந்ததும் மேரி பிளேயர் பக்கம் வந்து, நின்றுபோன ரிக்கார்டைக் குனிந்து பார்த்தாள். "இதுல எந்தக் கோட்டுலண்ணா அம்மா கீது?"

செங்கல்வராயன் தட்டை வெயிலில் சாய்த்து, நாலாவது பாட்டு தொடங்குகிற இடத்தில், விரல் படாமல் காட்டினான். அங்கே மற்ற இடங்களைவிடக் கோடுகள் நெருக்கமாக, சன்னமாக, கறுப்புப் பட்டு மாதிரி மின்னின. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் போய் வெங்காயம் அரிய உட்கார்ந்தாள்.

திருவிழா முடிந்த அன்று சாயங்காலம் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது எல்பியை அட்டையில் போட்டு மார்கரெட்டிடம் கொடுத்தான். அவள் வேண்டாம் என்றாள். பாட்டுப் பெட்டி வைத்திருக்கிறவர் ஊரில் யாரும் இல்லை என்றாள். அவன் கேட்கவில்லை. அட்டையைத் திருப்பி, 'குழுவினர்' என்ற இடத்தைக் காட்டி, சட்டைப் பையிலிருந்த பேனாவை நீட்டினான்.

"பன்னண்டு பேரு பேரையும் சொல்லுக்கா. எழுதிடலாம்."

மார்கரெட் பேனாவை வாங்கித் தானே எழுதத் தொடங்கினாள்.