பகிடிக்குச் சொன்ன அமானிதம்

...கறுப்பு கீபோர்ட் நல்லதுதான், கட்டைகள் கனமாக இருக்கின்றன, தொட்ட அளவுக்கே பேசுகின்றன, மெல்ல வைத்தால் மெல்ல, ஓங்கினால் ஓங்கி, ஆனால் இடக்கைப் பக்கம் அந்தச் சில்லு இல்லை, சுருதியை வளைக்கிற அந்தச் சின்னச் சக்கரம் இல்லாமல் நாதஸ்வரத்தை எப்படி வாசிப்பது, கோயிலில் நாதஸ்வரம் இழையாவிட்டால் முன்வரிசைக் கிழவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். சாம்பல் நிறத்தில் சில்லு இருக்கிறது, கட்டைதான் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், தடவினாலும் அடித்தாலும் ஒரே சத்தம்... இரண்டும் சேர்ந்து இருப்பதை வாங்கக் காசு எட்டாது. கிருஷாந்தன் கறுப்பிலிருந்து சாம்பலுக்கும் சாம்பலிலிருந்து கறுப்புக்குமாக நாலாவது தடவை நகர்ந்தான். கல்முனைக் கடைத்தெருவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்கார முத்தலிப் காக்கா கதிரையில் சாய்ந்தபடி, பொறுமைக்குப் பரிசு கொடுத்தால் முதல் பரிசு தனக்குத்தான் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதாயிரத்துக்குள் ஒரு கீபோர்ட் என்று சொல்லித்தான் உள்ளே வந்தான், அது நடுத்தரமான காசு, வெட்கப்படவும் தேவையில்லை, நெஞ்சை நிமிர்த்தவும் முடியாது. சண்டை முடிந்து மூன்று மாதம், திருவிழாக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து இசைக்குழுவைக் கேட்கிறார்கள், குழு நடத்துகிற அழகரெத்தினம் அண்ணன் காலையில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், “இண்டைக்கு எடுக்கிறண்டா எடு, இல்லாட்டி நான் வேற ஆள வெச்சு வாசிப்பன்.” சொல்லட்டும். அக்கரைப்பற்றில் ஒரு கடை, மட்டக்களப்பில் இரண்டு, எல்லாவற்றிலும் ஒரு குறை கண்டுபிடித்து வெறுங்கையோடு திரும்பினவன் இவன், பெண் பார்க்கப் போய்ப் பலகாரம் தின்றுவிட்டு வருகிறவன் என்று அண்ணன் ஊர் பாண்டிருப்பு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார், பகிடிதான், ஆனால் ஒரு பகிடி சொன்ன இடத்திலேயே முடிந்துவிடுகிறது என்று யார் சொன்னது?

“அதில எத்தின டோன் இருக்கு காக்கா?” கேட்காமலே தெரியும், கேட்டான். “நூத்தி இருபத்தெட்டு தம்பி, ஒண்டு கொறயாது.” பியானோ, ஓகன், வயலின், ஷெனாய்... ஷெனாய் பரவாயில்லை, கலியாண வீட்டுக்குக் காணும்... விரல் பாட்டுக்கு இலக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனது, கடைசிப் பக்கத்தை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை, அவனும் பார்த்திருக்கக் கூடாது, நூற்று இருபத்து மூன்றில் கட்டையை அழுத்தினான். கடல். எழும்பி வந்து, சிந்தி, உள்ளே இழுபடுகிற கடல். கையை எடுத்தான், எடுத்த பிறகும் கொஞ்சம் இழுபட்டது. அடுத்தது குருவி, அதற்கடுத்தது தொலைபேசி மணி, பிறகு ஹெலிகொப்டர், பிறகு கைதட்டு, கடைசியில் வெடி. எங்கேயோ இருக்கிற ஒரு தொழிற்சாலைக்காரன், இந்தக் கடற்கரையில் நடந்ததையெல்லாம் ஆறு இலக்கத்துக்குள் அடைத்து விற்பனைக்கு அனுப்பியிருக்கிறான், இதை எந்தப் பாட்டுக்கு வைப்பது, யார் ஆடுவது? கைதட்டு சண்டை முடிந்த வைகாசி மாதம் றோட்டில் கேட்டதுதான், பட்டாசும் கொடியுமாக, அன்றைக்கு அவன் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தான், எவருக்காக அழுவது என்றுகூடத் தெரியாத ஒரு பகல். ஆனால் அதுவல்ல, ஹெலியும் அல்ல, அவனைப் பிடித்துக்கொண்டது அந்த மணி. இவன் எடுத்தபோது றமீசின் போன் அப்படித்தான் அடித்தது, கடல் வந்துவிட்டது என்று மேற்குப் பக்கம் சனம் ஓடி வந்த அந்தக் காலையில், இரண்டு தடவை முழுதாக அடித்து ஓய்ந்தது, மூன்றாவது தடவை அடிக்கவே இல்லை. றமீஸ், சாய்ந்தமருது றமீஸ், குழுவில் பாட்டும் பாடி பாட்டுக்கு இடையில் மின்மேளப் பேடும் அடித்தவன், பத்து வருடக் கூட்டாளி... “அந்தக் கடசிச் சத்தங்கள் நமக்குத் தேவல்ல தம்பி,” என்றார் முத்தலிப் காக்கா, சிரிக்காமல். அவருக்கும் அந்தக் காலையில் ஒரு கதை இருக்கும். இந்தப் பக்கத்தில் ஆருக்கு இல்லை?

“இஞ்ச பாருங்க தம்பி, மனசு பொருந்தல்லண்டா அவசரப்பட வேணாம். கொஞ்சம் அட்வான்ஸ வெச்சிட்டுப் போங்க, வெள்ளிக்கிழமை வரக்குள்ள ஒங்கட சாமான் இரிக்கும். வேற ஆரும் கேட்டாலும் குடுக்க மாட்டன், அமானிதமா வெச்சிரிப்பன்.” அமானிதம். அந்தச் சொல் இப்படித்தான் வரும், கடைத்தெருவில், எண்ணெய் வாங்கப் போன இடத்தில், சைக்கிளை ஒரு நிமிடம் விட்டுப் போகிற இடத்தில், நம்பி ஒருவன் கையில் ஒப்படைத்த பொருள், திரும்பக் கேட்கும்வரை அவன் அதைத் தன் பொருளைவிடக் கவனமாகக் காக்க வேணும், அதற்குப் படைத்தவனிடம் பதில் சொல்ல வேணும். கிருஷாந்தனுக்கு அந்தச் சொல் சின்ன வயதிலிருந்தே தெரியும், முஸ்லிம் காக்காமாரின் சொல் நூறாவது அவன் நாக்கில் கிடக்கும், அவனுடைய சொல் றமீசின் நாக்கிலும் கிடக்கும், ஆனால் சொல்லைத்தான் எடுத்தான், அதன் பாரத்தை எடுத்தானா? கடல் வருவதற்கு முதல் நாள் பின்னேரம், காரைதீவில் ஒரு கலியாண வீட்டில் வாசித்துவிட்டு றமீசின் மோட்டார்சைக்கிளில் திரும்பி வந்தார்கள், பின்னால் இவன், மடியில் குறுக்காகக் கறுப்புப் பெட்டி, இவன் கட்டாரில் இரண்டு வருடம் வெயிலில் கருகி வாங்கிய கீபோர்ட். சாய்ந்தமருதுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் பெட்டியைப் பாண்டிருப்புக்குக் கொண்டுபோக வேணுமா, வழியில் சோதனைச்சாவடியில் நீளப் பெட்டியைக் கண்டால் மழைக்குள்ளேயே திறக்கச் சொல்வார்கள், இங்கேயே கிடக்கட்டும், நாளைக்கு வந்து எடுத்தால் போச்சு. றமீஸ் இருந்தது மனைவி றுகையாவின் வீட்டில், இந்தப் பக்கத்து வழக்கப்படி, கடலுக்கு நூறு யார் தூரம். வாசலில் நின்று பெட்டியை நீட்டி, ஒரு முதலாளிக் காக்காவின் குரலைப் பிடித்து, நாடியில் இல்லாத தாடியைத் தடவி, “மச்சான், இது அமானிதம், கவனமாப் பாத்துக்க,” என்றான். றமீஸ் சிரித்தானா? அங்கேதான் ஒவ்வொரு தடவையும் நினைவு சறுக்குகிறது... சிரித்தது தான்தான், றமீஸ் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினான், “சரி மச்சான், ஏத்துக்கிட்டன்,” என்றான். பகிடிக்கு எவனாவது கையைத் துடைப்பானா?

மறுநாள் றமீஸ் றுகையாவையும் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூட மேல்மாடிக்கு ஏற்றினான், அதுவரை எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள், முதல் தண்ணீர் வற்றியதும் “இந்தா வாறன்” என்று இறங்கி வீட்டுப் பக்கம் ஓடினான், அதுவும் எல்லாருக்கும் தெரியும், எதற்கு என்றுதான் ஆளுக்கொரு கதை. அடையாள அட்டையை எடுக்க என்றார் ஒருவர், அந்த நாளையில் அது இல்லாமல் ஒரு மனிதன் சந்தியைத் தாண்ட முடியுமா, பக்கத்து வீட்டுக் கிழவியைத் தூக்கி வர என்றார் இன்னொருவர். மூன்றாம் நாள் வாய்க்கால் ஓரத்தில் றமீசை மையித்தாகத்தான் எடுத்தார்கள். பெட்டி கிடைக்கவேயில்லை. “பகிடிக்குச் சொன்னாலும் அது அமானிதந்தானா காக்கா?” கட்டையைப் பார்த்தபடி கேட்டான். முத்தலிப் காக்கா கண்ணாடியைக் கழற்றினார். “சொன்னவருக்குப் பகிடியா இரிக்கலாம் தம்பி. கையேத்தவருக்கு அப்பிடி இல்லையே. ஏன் கேக்கிறீங்க?” “சும்மா.” சும்மா... நாலரை வருடச் சும்மா. “இதவிட விலை குறைஞ்சது இல்லையா காக்கா?” காக்காவுக்கு ஆச்சரியம், காசு வைத்திருக்கிற ஆள் கீழே இறங்குகிறானே. ஓம், கீழேதான், எவனும் திரும்பி ஓடிப்போய் எடுக்க நினைக்காத ஒரு சாமான் வேணும், போனால் போகட்டும் என்று தண்ணீருக்கு விடக்கூடிய ஒன்று. இதற்காகத்தானா அக்கரைப்பற்றிலும் மட்டக்களப்பிலும் குறை பிடித்தான், சில்லும் கட்டையும் வெறும் சாட்டா? ஆனால் றமீஸ் விலை கேட்டா ஓடினான்? ஆயிரம் ரூபாய்ச் சாமானாக இருந்தாலும் ஏற்றுக்கொண்டது ஏற்றுக்கொண்டதுதானே, இந்தக் கடையில் எதை வாங்கினாலும் அது மாறப்போவதில்லை.

எதற்கு ஓடினான் என்று தெரிந்த ஆள் ஒருத்திதான், றுகையா. இங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம், புது வீட்டுத் திட்டத்தில் மூன்றாவது வரிசை, பெருநாளுக்குப் பெருநாள் போகிறான், “வாங்க அண்ணன்” என்று வட்டிலப்ப இனிப்புத் தட்டை முன்னால் வைக்கிறாள், பிள்ளைகளின் படிப்பைக் கதைக்கிறாள், கூரை ஒழுகுவதைக் கதைக்கிறாள், அவன் தின்றுவிட்டு எழும்பி வந்துவிடுகிறான். கேட்டால் ஓம் என்றுவிடுவாளோ என்ற பயம், அப்படித்தான் நினைத்திருந்தான், ஓம் அண்ணன், ஒங்கட பெட்டிக்குத்தான் போனவரு... அந்த வரியை எத்தனையோ தடவை தனக்குத் தானே சொல்லி, பொறுக்கமுடியாத அந்த வலியில் றமீசோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் படுக்கிறான். “கறுப்பா சாம்பலா தம்பி, எதக் கட்ட?” கறுப்பு என்றான், கட்டை நல்லது, சில்லு இல்லாமல் எப்படியாவது சமாளிக்கலாம், இங்கே வைக்க வேணாம், இப்பவே கொண்டுபோகிறேன். காக்கா கயிறு தேடி உள்ளே போனார். பெட்டியோடு பஸ்ஸில் ஏறி நேரே சாய்ந்தமருதுக்குப் போனால், இன்றைக்கு, பெருநாள் இல்லாத ஒரு நாளில், வாசலில் நின்றே கேட்டுவிட்டால்... அவள் முகத்தை நினைத்துப் பார்த்தான், முதல் தடவையாக அவள் வாயில் வேறு பதில் வந்தது, இல்ல அண்ணன், அவரு ஐடென்டிக்காட் எடுக்கத்தான் போனவரு, பெட்டிய ஆரு நினைச்ச. நெஞ்சு இலேசாக வேண்டிய இடம் அது. இலேசாகவில்லை. நாலரை வருடமாக அவன் பயந்தது அந்த ஓமுக்கு அல்லவா, இது என்ன புதுப் பயம்... இல்லை என்று அவள் சொல்லிவிட்டால், அதன் பிறகு றமீசுக்கும் தனக்கும் இடையில் என்ன மிச்சம்?