கேட்காமல் எப்படி எடுப்பது

1

இன்னும் ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடத்தில் கடல் நீர் இறங்கி, பாறைகள் வெளியே தெரியும். எங்கள் பாறை நத்தைக் கணக்கெடுப்புக்கு இன்று கடைசி நாள். உடன் வேலை பார்ப்பவர் அங்கே வருவார். போன வாரம் அவர் கேட்ட ஒன்றுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரியாமல் உங்களுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கதை பிறந்த விதம் அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: 'பாறை நத்தையின் ஓடு ஒரு சிறிய கூம்பு. நீர் ஏறும்போது பாசி மேயப் போகும். இறங்குவதற்குள் தன் இடத்துக்கே திரும்பிவிடும். ஓட்டின் விளிம்பு அந்த இடத்துக்கென்றே தேய்ந்திருக்கும்.'

வேலைக்குப் போகச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பாறை இருக்கு, நத்தை இருக்கு. ஆள் எங்கடி?"

3

ஆளைக் கொண்டுவருகிறேன். அவன் [அவர். கதையில்கூட எனக்கு 'அவன்' வரவில்லை] முதல் நாள், எடை போட ஒரு நத்தையை எடுக்கப் போனார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரே தள்ளில் எடுக்க வேண்டும். தொட்டது தெரிந்தால் பாறையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஓடு உடையுமே தவிர நத்தை வராது. அவர் விரலால் மெல்லத் தட்டினார். அது இறுகிக்கொண்டதும் விட்டுவிட்டார்.

"ஏன் தட்டுனீங்க?"

"கேக்காம எப்படிங்க எடுக்கறது?"

அவர் சிரித்தபோது கடல் ஒரு...

(வேண்டாம். கடல் தன் பாட்டுக்குத்தான் இருந்தது.)

4

போன வாரம் என்னிடமும் அப்படித்தான். "ஒண்ணு கேக்கணும், உடனே சொல்ல வேணாம்" என்று ஆரம்பித்து, "என்னைக் கட்டிக்கறீங்களா?" என்று முடித்தார். நான் தராசைத் துடைத்தேன். சுத்தமாக இருந்த தராசை.

5

முடிவு ஒன்று: அவள் கரைக்குப் போகவில்லை. (போவேன். தராசு என்னிடம்தான் இருக்கிறது.)

முடிவு இரண்டு: அவர் இன்னொரு முறை கேட்கிறார். (கேட்க மாட்டார். நத்தையையே இரண்டாம் முறை தட்டாதவர்.)

முடிவு மூன்று என்னவென்று அக்கா கேட்டாள்.

"வாசகர்கிட்ட விட்டுடலாம்னு இருக்கேன்."

"வாசகர் வந்து அவரைக் கட்டிக்குவாரா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் பேனாவை மூடினேன்.

"அவர் கேட்டு முடிக்கறதுக்குள்ளயே எனக்குச் சம்மதம்க்கா."