உதவாக்கரை மன்னரின் மூன்று போர்கள்

என் அண்ணன் கம்ப்யூட்டரில் ராஜ்யம் ஆள்கிறவர். வரைபடத்தில் நகத்தளவு இருக்கும் ஒரு நாட்டை எடுத்து நானூறு வருடம் காப்பாற்ற வேண்டும், அதுதான் விளையாட்டு. அது போதாதென்று தனக்குத்தானே விதிகள் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார். தோற்றால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் ஆடக் கூடாது. கொடுத்த வாக்கை மீறக் கூடாது. மூன்றாவது, உதவாக்கரை மன்னனைப் படைத்தலைவனாக்கிச் சாகக் கொடுக்கக் கூடாது. இதை ஆடுகிற மற்றவர்கள் அதைத்தான் செய்வார்களாம். கிழவன் ஒழிந்தால் கெட்டிக்கார மகன் பட்டத்துக்கு வருவான்.

நிஜத்தில் அண்ணனுக்கு இதய வால்வு பழுது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிப் பதினெட்டு நாளாகிறது. சம்மதப் படிவம் கையெழுத்தில்லாமல் கீபோர்டுக்கு அடியில் கிடந்தது. இவர் ரிடையர் ஆனதும் நில அளவை ஆபீசில் இவர் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள். அங்கிருந்து ஒரு போன்கூட வருவதில்லை. நான் ரயில்வே டிக்கெட் கவுன்டரில் நாள் முழுக்கக் கத்திவிட்டு, மிச்சத்தை வீட்டில் இவரிடம் கத்துவேன்.

"கையெழுத்துப் போட என்ன கேடு உங்களுக்கு?"

"யோசிக்கிறேம்மா."

ஞாயிற்றுக்கிழமை டீ கொண்டுபோனேன். திரையில் அறுபத்தோரு வயது மன்னர் படைக்கு முன்னால் நின்றார்.

"மூணாவது ரூல் என்ன ஆச்சு?"

"எடுத்துட்டேன். இந்த ஆளால யாருக்கு என்ன பிரயோஜனம்? போய்ச் சேரட்டும்."

அண்ணனுக்கும் அறுபத்தொன்றுதான். இத்தனை நாளும் ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார் என்றே நினைத்திருந்தேன். பயமே இல்லை, தன்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்ற நினைப்புதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

மன்னரோ சாகிற வழியாக இல்லை. மலைப்பாதை, குளிர்காலம், இரண்டு மடங்கு எதிரி என்று அண்ணன் மூன்று போருக்கு அனுப்பிப் பார்த்தார். மூன்றிலும் மன்னர் ஜெயித்துவிட்டு வந்து நின்றார்.

"தொலைய மாட்டேங்கிறானே!"

"இருக்கட்டுமே அண்ணா. பிரயோஜனமெல்லாம் ஒண்ணும் வேணாம். சும்மா இருந்தாப் போதும். எனக்கு வேணும்."

"யாரு, ராஜாவா?"

"நீங்க."

அண்ணன் ஆட்டத்தை நிறுத்தினார். டீயை எடுத்து, ஆறிப்போயிருந்ததைக் குறை சொல்லாமல் முழுதாகக் குடித்தார்.

"ஆபரேஷன் அன்னைக்கு உனக்கு லீவு கிடைக்குமா?" என்றார்.

"கிடைக்காட்டி கவுன்டரை மூடிட்டு வருவேன்."