வாசற்படியில் மீன் குழம்பு

டொராண்டோவில் எல்லோருக்கும் ஏற்கெனவே கடவுள் இருக்கிறார். கதவைத் தட்டினால் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். "எங்களுக்கு முருகன் இருக்கிறார், தாங்ஸ்." படார். "நாங்கள் கத்தோலிக்க ஆக்கள், தாங்ஸ்." படார். முகத்தில் கதவைச் சாத்துகிறவனுக்கு நன்றி எதற்கு? எனக்கு அதுதான் எரிச்சல்.

நான் கோயம்புத்தூர்ப் பையன். எங்கள் மோர்மன் கிறிஸ்தவ சபையில் பையன்கள் பள்ளி முடித்ததும் இரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மதம் பரப்பும் ஊழியத்துக்குப் போவது வழக்கம். எந்த ஊர் என்று சபைதான் சொல்லும். எனக்கு டொராண்டோ என்று வந்ததும் அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார். இப்போது என் சட்டையில் 'எல்டர் கிறிஸ்துநாயகம்' என்று கறுப்புப் பட்டை. எல்டர் என்றால் மூப்பராம். இருபது வயது மூப்பர், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

எங்களை ஜோடி ஜோடியாகத்தான் விடுவார்கள். குளியலறை தவிர எங்கேயும் பிரியக்கூடாது. என் ஜோடி எல்டர் ஹேன்சன், அமெரிக்காவில் ஐடஹோவில் உருளைக்கிழங்கு விவசாயியின் மகன். நல்லவன். அதுதான் பிரச்சினையே, அவனோடு சண்டை போடவும் முடியாது. தினமும் மஞ்சள் சீஸ் போட்டு மாக்கரோனி கிண்டுவான். டொராண்டோவின் வெக்ஸ்போர்ட் தெருக்களில் கால் விறைக்க நடந்துகொண்டே நான் முடிவு செய்துவிட்டேன்: திங்கட்கிழமை எங்கள் ஊழியத்தை நடத்தும் மிஷன் தலைவரைப் பார்க்கும்போது, என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுவிட வேண்டியது. இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இந்தப் பனியில் எவன் இருப்பான்?

அந்தச் சனிக்கிழமை தட்டியது தவமணி ஆன்ட்டியின் கதவை. திறந்ததும் மீன் குழம்பு வாசம் முகத்தில் அடித்தது. நான் சொல்லவேண்டிய வசனமெல்லாம் மறந்துபோயிற்று.

"தமிழோ தம்பி? வெள்ளைக்காரப் பொடியனையும் கூட்டிக்கொண்டு குளிருக்கை நிக்கிறீர். உள்ள வாங்கோ, தேத்தண்ணி ஊத்திறன்."

"டீ குடிக்கக்கூடாதுங்க ஆன்ட்டி."

"ஏன், சுகமில்லையோ?"

"சபைக் கட்டுப்பாடுங்க. வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

ஆன்ட்டி கதவைப் பாதி சாத்தினார். அட முட்டாளே, திருடனும் அப்படித்தானே கேட்பான்! அவசர அவசரமாக விளக்கினேன். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள், பெரிய ஆண் ஒருவர் கூட இல்லாமல் நாங்கள் நுழையக்கூடாது.

ஆன்ட்டி எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "அறுபத்தேழு வயசிலை என்னால உங்களுக்கு ஆபத்தோ? இதைக் கேக்க என்ரை மனிசன் உயிரோட இல்லாமல் போச்சே!"

அஞ்சே நிமிஷம் என்று ஹேன்சனிடம் கெஞ்சினேன். அவன் மூக்கும் குழம்புப் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஆனாலும் விதி விதிதான் என்றான். உருளைக்கிழங்கு!

வந்தவர்களைப் பட்டினியாக அனுப்புகிற ஆள் இல்லை ஆன்ட்டி. இரண்டு தட்டில் சோறும் குழம்பும் கொண்டுவந்து தந்தார். பனி வழித்த படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் கவளத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா ஞாபகம். குளிர் என்று ஹேன்சனிடம் சொன்னேன். அவன் காரத்தில் என்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தான்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு இராஜரட்ணம் தன் பனி தள்ளும் இயந்திரத்தை நிறுத்தினார். அந்த இயந்திரம் ஒருநாள் ஆன்ட்டியின் கார் நிற்கும் இடத்தில் பனியைக் கொட்டியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"பாருங்கோ சனங்களே!" என்று கத்தினார். தெருவில் சனமே இல்லை. "வாசல்ல இருத்திச் சோறு போடுறா! ஊரிலை செய்த சாதிக்குணத்தை இஞ்சையும் கொண்டு வந்திட்டா!"

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். எங்கள் ஊரிலும் வாசலில் வைத்துச் சோறு போட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். ஐடஹோக்காரனுக்கு என்ன தெரியும்? குழம்பு வழியும் கட்டைவிரலை இராஜரட்ணத்துக்கு உயர்த்திக் காட்டினான்.

"நானோ? நான் ஆரையும் வாசல்ல விட்டனானோ?" ஆன்ட்டி கரண்டியோடு வாசலுக்கு வந்தார். "வீட்டிலை ஒரு ஆம்பிளை இல்லாமல் இவை உள்ள வராயினமாம். அது அவையின்ரை சட்டம். இவ்வளவு நியாயம் கதைக்கிற நீங்களே வந்து இருங்கோ உள்ள!"

"நானோ?"

"ஓம். பயமெண்டாச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு அவர் வராமல் இருக்க முடியுமா? வந்தார். கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பின்னால் நாங்கள், தட்டும் கையுமாக. ஆன்ட்டி அவர் முன்னாலும் ஒரு தட்டை டங்கென்று வைத்தார். எனக்கு வேண்டாம் என்றார் இராஜரட்ணம். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டபோது கோட்டைக் கழற்றியிருந்தார்.

"புளி காணாது."

"அப்ப சாப்பிடாதேங்கோ," என்று ஆன்ட்டி இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

ஹேன்சன் இயேசுவைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் அவன் தட்டில் ஒரு கரண்டி சோறு விழுந்தது. கடைசியில் அவனே விட்டுவிட்டான்.

புறப்படும்போது ஆன்ட்டி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இராஜரட்ணம் என் பக்கத்தில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"தம்பி, அடுத்த சனியும் வருவியளோ?"

"நான் ஊருக்கே போயிடலாம்னு இருக்கேங்க அங்கிள்."

அவர் நிமிரவில்லை. "என்ரை மனிசி செத்தாப் பிறகு நான் ஒருத்தரோட மேசையிலை இருந்து சாப்பிட்டது இண்டைக்குத்தான். தனிய இருக்கிற பொம்பிளையின்ரை வீடு. நான் தனிய வரேலுமே? சனம் என்ன கதைக்கும்? நீங்கள் வந்தாத்தான் என்னையும் கூப்பிடுவா."

சரிங்க அங்கிள் என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை தலைவர், உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். சனிக்கிழமை மதியம் மட்டும் எங்களுக்கு வேறு வேலை போடாதீர்கள், ஒரு வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன். அந்த வீட்டில் யார் சபைக்கு வருவார்கள் என்று கேட்டார்.

"யாரும் வரமாட்டார்கள் ஐயா. நாங்கள் போகாவிட்டால் அங்கே ஒருவர் தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கும்." கொஞ்சம் யோசித்துப் பார்த்து, "இரண்டு பேர்," என்றேன்.