குடையின் நிறம்

படம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை. அருங்காட்சியகத்தின் புதிய அரங்கில் மற்றவர்கள் கைதட்டிக்கொண்டும், பார்த்ததைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டும் கலைந்துகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் நின்றிருந்த தம்பிக்கு அது ஆனந்தம் என்றுதான் பட்டது. இந்த நாளுக்காகவே வாரக்கணக்கில் ஏங்கிக்கொண்டிருந்த மனசுக்கு வேறு எப்படித் தோன்றும்?

பழைய கருப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியில் நிறம் ஏற்றுவது தம்பியின் தொழில். ஸ்டூடியோவில் சாயக்காரர் என்று கூப்பிடுவார்கள். துணிக்குப் போடும் சாயம்தான் வெளுக்கும், நான் போடுவது வெளுக்காது என்று அவரும் கொஞ்சம் கர்வத்தோடு சொல்லிக்கொள்வார். ஊரின் பெரிய பாலத்தைத் திறந்துவைத்த நாளில் யாரோ எடுத்த படச்சுருள் ஒன்று நகராட்சிக் கிடங்கில் துருப்பிடித்த டப்பாவில் கிடைக்க, அதைச் சுத்தம் செய்து நிறம் ஏற்றித் தரும் வேலை அவரிடம் வந்தது. கீறல்களை நீக்கி, நடுக்கத்தை நிறுத்தி, ஒவ்வொரு சட்டகமாகப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் கூட்டத்தின் ஓரத்தில் அந்தச் சிறுமி தென்பட்டாள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்றக் காலின் விரல்களால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். அக்கா இன்றைக்கும் அடுப்படியில் அப்படித்தான் நிற்பாள்.

சிறுமியின் தலைக்கு மேலே ஒரு குடை. குடையைப் பிடித்துக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு அம்மா.

அவரைப் பெற்றுப்போட்ட கையோடு கண்ணை மூடியவள் அம்மா. வீட்டில் அவளுடைய புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதிலும் அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். இங்கே நடந்தாள். மழைக்கு ஒதுங்கினாள், யாருக்கோ வழி விட்டாள், குனிந்து மகளிடம் என்னவோ சொன்னாள். அந்த வயிற்றுக்குள் இருப்பது தான்தான் என்று புரிந்ததும் சாயக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அப்போதே அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அவளைப் புதிய அரங்கின் திறப்பு விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, திடீரென்று அம்மாவைக் கண்முன் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார். வேலையைக் கொடுத்த, அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்து மேடம் அவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தார், படத்தில் இருப்பவர்களைத் தெரிந்தவர்கள் கிடைத்தால் விசாரித்து நிறம் போடுங்கள், தெரியாத இடத்தைச் சாம்பலாகவே விட்டுவிடுங்கள் என்று. இவர் தலையாட்டினாரே தவிர, அது தன் அம்மா என்று மேடத்திடம்கூட மூச்சு விடவில்லை. மற்றவர்களின் குடைகள் எல்லாம் அட்டைக் கருப்பு. அம்மாவின் குடை மட்டும் இளஞ்சாம்பல், ஆகவே ஏதோ ஒரு நிறம் இருந்திருக்க வேண்டும். என்ன நிறம்? சாம்பலில் பச்சையும் ஒன்றுதான், சிவப்பும் ஒன்றுதான். அத்தனை கருப்புக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு எடுப்பாக இருந்தது. போட்டார்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்துக்கு அக்கா அவரோடு வந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், "அம்மா நடக்கறாங்கடா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் துடைத்துக்கொண்டார்.

பாதி வழியில், "குடை மட்டும் சிவப்பு இல்ல" என்றாள்.

இவ்வளவுதானே என்று அவர் சிரித்துவிட்டார். "என்ன கலர்னு சொல்லுக்கா, நாளைக்கே மாத்திடறேன்."

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். சிக்னல் விழுந்து, எதிர்ப்பக்கத்து வண்டிகள் எல்லாம் போய் முடிந்தன.

"இன்னைக்குக் காலைல வரைக்கும் தெரியும்டா" என்றாள்.

மறுநாள் அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேஜையில் வைத்து, குடையின் நிறத்தை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினார். முதலில் நீலம். இல்லை என்று சட்டென்று தலையாட்டினாள். பச்சை. கொஞ்சம் யோசித்தாள். கத்தரிப்பூ நிறம், மஞ்சள், மறுபடியும் வேறொரு பச்சை. போகப் போக அவள் தலை ஆட்டுவது மெதுவாகிக்கொண்டே வந்தது. பிறகு எதைக் காட்டினாலும் இருக்கலாம், இருக்கலாம் என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததைச் சரிசெய்யப் போய், குரங்கின் மேல் குரங்காக அடுக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. அவள்தான் லேப்டாப்பை மூடினாள்.

"காட்டக் காட்ட ஒவ்வொண்ணும் அதுவாவே தெரியுது. போதும்."

அவர் மன்னிப்புக் கேட்கப் போக, அவள் கையமர்த்தினாள். கோபம் இல்லை. வீட்டில் ஏதோ பாத்திரம் தொலைந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அம்மா முகம் எனக்கு ஞாபகம் இல்லடா. போட்டோல இருக்கறதுதான் முகம்னு ஆயிடுச்சு. குரலும் எப்பவோ போயிடுச்சு. குடைக்குள்ள நின்னு மேல பாத்தப்ப, அவங்க முகத்துல குடையோட கலர்ல ஒரு வெளிச்சம் விழுந்துச்சு பாரு, அது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு."

அதற்கு மேல் அவரால் அங்கே உட்கார முடியவில்லை. வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். பாலம் திறந்த கதையை அக்கா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? சின்ன வயதில் தூங்கவைக்கச் சொன்னாள். பெரியவனானதும் அவள் ஆரம்பித்தாலே, ஆமாக்கா, மழை பெய்தது, குடை பிடித்தார்கள், தெரியும் என்று வெட்டிவிடுவார். அவள் நிறத்தையும் சொல்லியிருக்கத்தான் வேண்டும். காது கொடுத்துக் கேட்டிருந்தால் இன்றைக்கு அவளுக்கு அவர் திருப்பிச் சொல்லலாம். எவ்வளவு துழாவியும் மழைதான் ஞாபகம் வந்தது.

காப்பகத்து மேடத்திடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். குடையைச் சாம்பலாக்கிவிடுகிறேன், கூலி வேண்டாம் என்றார். மேடம் கடிந்துகொள்ளவில்லை. அக்கா உயிரோடு இருக்கும்போது அவரைக் கேட்காமல் போட்டீர்களே என்று மட்டும் வருத்தப்பட்டார். பிறகு யோசித்து, அந்த நாளை நேரில் பார்த்தவர்கள் இனி எத்தனை பேர் கிடைப்பார்கள், அக்கா பேசுவதைப் பதிவு செய்து படத்தோடு சேர்த்தே வைக்கலாம் என்றார். குடையைப் பற்றி அக்கா என்ன சொல்கிறாரோ அதுவே முடிவு, தெரியவில்லை என்றால் சாம்பல். சாயக்காரருக்கு அதைக் கேட்டபின்தான் சோறு இறங்கியது. கறந்த பால் மடி புகாதுதான், ஆனால் பொய்யையாவது துடைத்துவிடலாம்.

பதிவு அன்று கேமராவுக்குப் பின்னால் அவரே நின்றார். வேறு யாரும் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். சன்னலை மூடி, கனத்த திரை போட்ட சின்ன அறை. அவள் நன்றாகவே பேசினாள். பாலத்தில் கட்டியிருந்த தோரணத்தையும், மழையில் வாத்தியக்காரர்கள் ஓடியதையும், செருப்பு அறுந்துபோய் அம்மாவிடம் திட்டு வாங்கியதையும் சொன்னாள். மேடம் ரசித்துச் சிரித்தார். பிறகு, அம்மா பிடித்திருந்த குடை என்ன நிறம், நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

அக்கா மேடத்தைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி, கேமராவுக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"சிவப்பு" என்றாள். "நல்ல சிவப்பு. அதுக்குள்ள நின்னா அம்மா முகமே செவந்து தெரியும்."

மேடம் நிம்மதியாகத் தலையசைத்தார். சாயக்காரர் சின்னத் திரையில் அக்காவின் முகத்தைத் துருவினார். அவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாட்களில் அப்பாவிடம் தம்பிக்காக எத்தனையோ பொய் சொன்னவள் அவள். அப்போதெல்லாம் இமைக்காமல் சொல்வாள். இப்போது இமைத்தாள், சாதாரணமாக, யாரும் இமைப்பது போல. பொய் என்றால் அது அவருக்காகச் சொன்னது. பொய் இல்லை என்றால் அந்த ஞாபகமே அவர் செய்து வைத்தது. எது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

குடை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று மேடம் கேட்டார். அக்கா நாற்காலியிலேயே உடம்பைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு, இவ்வளவு என்று தலைக்கு மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினாள். காட்டிய கையை இறக்காமல், அதன் கீழே முகத்தைச் சாய்த்து, பக்கத்தில் யாரோ உயரமாக நிற்பது போல அண்ணாந்து பார்த்தாள். மேடம் அடுத்த கேள்விக்காகத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.