வெள்ளியின் வேகம் குறைந்த கதை

வெள்ளிக் கிரகத்துக்கு ரேடார் அலை அனுப்பினால், எதிரொலி திட்டுத்திட்டாகத் திரும்பி வரும். கிரகம் சுழலச் சுழல அந்தத் திட்டுகள் பூமியின் மேல் நகர்ந்து போகும். எட்ட எட்ட இருக்கும் இரண்டு ஆன்டெனாக்களை அவை அடுத்தடுத்துத் தொடும் இடைவெளியை அளந்தால், கிரகம் சுழலும் வேகம் தெரிந்துவிடும். இந்த யோசனை அவளுடையது. தன் பெயரை மட்டும் போட்டுக் கட்டுரை எழுதி, ரேடார் நிலையத்தின் இயக்குநர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவன் அவள் புருஷன்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள உன்னுது என்னுதுன்னு இருக்கா?" என்று கேட்டவன், அடுத்த வருஷமே அவளை விவாகரத்து செய்தான்.

அவள் இரண்டாவது ஆன்டெனா இருந்த ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். வஞ்சம் மட்டும் ஆறவில்லை.

ஒரு மதியம், தொலைதூர விண்மீன் கூட்டம் ஒன்றிலிருந்து வந்த, இரண்டு நிலையங்களும் பதிவு செய்த அலையை ஒப்பிட்டாள். இரண்டு இடத்துக்கும் அது வந்துசேரும் நேர வித்தியாசம் கணக்கில் தெரிந்ததுதான்; பதிவு அதோடு ஒத்துப்போகவில்லை. அவன் நிலையத்துக் கடிகாரம் பிசகியிருந்தது. அவனோ, அந்தக் கடிகாரத்தை நம்பி, வெள்ளியின் வேகம் குறைந்துவிட்டதாக மாநாட்டில் அறிவிக்கப் போகிறான். அவனை எச்சரிக்க ஒரு ஃபோன் போதும். கையில் எடுத்தாள். அந்தக் கடிகாரம் கொழுந்தன் பொறுப்பு. அவள் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று பெட்டி தூக்கி வந்து வழியனுப்பியவன் அவன் ஒருத்தன்தான். அதுவும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஃபோனை வைத்துவிட்டாள். நல்லா மேடை ஏறட்டும்.

மாநாட்டில் அவன் பேசி முடித்ததும் கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்து எழுந்தாள்.

"கடிகாரத்தைச் சரிபார்த்தீங்களா?"

"அதெல்லாம் எப்பவோ பார்த்தாச்சு" என்றான் சிரித்துக்கொண்டே.

"வெள்ளி அதே வேகத்துலதான் சுத்துது. உங்க கடிகாரம்தான் சரியா ஓடலை." தன் வரைபடத்தைத் திரையில் போட்டாள். பின்வரிசையில் யாரோ சிரிக்க, அரங்கமே சிரித்தது. அவன் முகம் செத்துப்போனதைப் பார்த்து அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

நாற்காலி போவதற்கு முன்னால் அவன் செய்த கடைசிக் காரியம், பழியைத் தம்பி தலையில் போட்டு வேலையைவிட்டு அனுப்பியது.

கொழுந்தன் ஃபோன் செய்தான். "அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவர் காதுல போட்டிருப்பே."

"போட்டிருப்பேன். அண்ணனாச்சே."

"இங்க வந்துடு. நான் வேலை போட்டுத் தரேன்."

"வேணாம் அண்ணி" என்று வைத்துவிட்டான்.

அவளும் ஃபோனைக் கீழே வைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அரங்கம் சிரித்த சத்தத்தை இன்னொரு முறை மனசுக்குள் ஓடவிட்டாள். அது இன்னும் இனித்தது.